ஜிஆர்இ சொற்களுக்கு ஆங்கி: ஆப் தங்கம், ஹார்டு பொத்தான் சனியன்

ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் மேல்படிப்புக்குத் தயாராகிறவர்கள் "ஜிஆர்இ வெர்பலுக்கு ஆங்கி ஆப் போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஜிஆர்இ வெளிநாட்டு மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வு, வெர்பல் அதன் ஆங்கிலப் பகுதி. ஆங்கி, சொற்களை அட்டைகளாகக் காட்டி, இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும் ஆப். போதுமா என்றால் போதாது. ஆனாலும் சில மாதம் கையில் இருந்தால் இது இல்லாமல் ஆகாது.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அட்டையைத் திருப்பியதும் அகெய்ன், ஹார்டு, குட், ஈசி என்று நான்கு பொத்தான்கள். சொல் நினைவுக்கு வராதவர்கள் 'கஷ்டமாகத்தானே இருந்தது' என்று ஹார்டை அமுக்குகிறார்கள். ஆப்போ 'தட்டுத்தடுமாறியாவது நினைவு வந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. 10 நாள் கழித்து வந்த அட்டை அடுத்து ஏறத்தாழ 12 நாள் தள்ளிப் போகும். மறந்த சொல் இன்னும் தாமதமாக வந்தால் உருப்படுமா? பழைய கணக்கு முறையில் ஹார்டை அமுக்கும் ஒவ்வொரு முறையும் அட்டையின் 'ஈஸ்' (இடைவெளி எவ்வளவு வேகமாகக் கூடும் என்பதற்கான எண்) 15 புள்ளி இறங்கும். 250இல் தொடங்கி 130 வரை போகும். அப்புறம் சொல் நன்றாகப் பழகிய பிறகும் அது அடிக்கடி வந்து நச்சரிக்கும். எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு முறைக்கு மாறினாலும் தப்பாக அமுக்கினால் அதுவும் ஏமாறும். மறந்தால் அகெய்ன், வந்தால் குட். மற்ற இரண்டையும் மறந்துவிடுங்கள். இதை முதல் நாளே ஒரு வரியில் சொல்ல ஆப்புக்கு என்ன கேடு?

நியாயமாகப் பேசினால், ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் கிடையாது. டெக்கை, அதாவது அட்டைத் தொகுப்பை, ஒருமுறை இறக்கினால் நெட் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மண்டபம், பாம்பன் பக்கம் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போனாலும் அன்றைய அட்டைகள் ஓடும். (சார்ஜ் போர்ட்டை உப்புக்காற்று தின்றால் ஆப் பொறுப்பல்ல.)

நாளுக்கு 20 புதிய அட்டை என்ற அமைப்பை 10 ஆக்குங்கள். 20ஐ அப்படியே விட்டால் சில வாரங்களில் தினமும் 200 பழைய அட்டைகள் வரிசையில் நிற்கும். நாலு நாள் விட்டால் திறக்கவே பயம் வரும். 8 முறை மறந்த அட்டையை 'லீச்' என்று ஆப் குறித்துவிடும். அதைத் தேடி எடுத்து, சொல்லை ஒரு வாக்கியத்தில் கோடிட்ட இடமாக வைத்துத் திருத்துங்கள். இரவல் டெக்குகளில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்கும். சென்டன்ஸ் ஈக்விவலன்ஸில் அது காலை வாரும். அங்கே வாக்கியத்தின் கோடிட்ட இடத்துக்கு, ஒரே பொருள் தரும்படி 6 தெரிவுகளில் 2 எடுக்க வேண்டும், ஒன்று தப்பினாலும் மதிப்பெண் இல்லை. ஒத்த பொருளுள்ள ஜோடி ஒன்று வாக்கியத்துக்குப் பொருந்தாமல் பொறியாகக் காத்திருக்கும்.

வெர்பலில் ஏறக்குறைய பாதி, பத்தி வாசித்துப் பதில் சொல்வது. அதற்கு ஆங்கி சுத்தமாக உதவாது. 2023 செப்டம்பரில் இருந்து வெர்பலில் 18 நிமிடத்தில் 12 கேள்வி, அடுத்து 23 நிமிடத்தில் 15. அந்த வேகம் கணினித் திரையில் வாசித்தால்தான் பழகும், போனில் அல்ல. ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ்ஸின் இலவச பவர்பிரெப் மாதிரித் தேர்வுகள் இரண்டுதான். முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள்.

மூன்று நான்கு மாதம் கையில் இருந்தால் இதைத் தவிர வேறு ஆப்பைச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம்தான் என்றால் இறக்கவே வேண்டாம். பத்திகளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.