மூடிய குப்பைமேட்டில் நாலு வாயு மீற்றர்: எங்கே உதவும், எங்கே பொய் சொல்லும்

எரிவாயு (மெதேன்), ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு ஆகிய நாலையும் அளக்கும், கையில் பிடிக்கிற நாலு வாயு மீற்றரின் விலைக்கூறலில் "குப்பைமேட்டுக்கும் உகந்தது" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அதில் பாதிதான் உண்மை. மண் போட்டு மூடிய மேட்டின் ஓரம், கழிவுநீர்க் குழி, காவலாளியின் கொட்டில், வேலியோரக் கிணறு, இவற்றுக்கு இது நல்ல சாமான். வாயு வெளியேற நட்டு வைத்த எஸ்லோன் குழாயின் வாயில் பிடித்தால் பொய் சொல்லும். வன்னியில் ஒரு பிரதேச சபைக்கு ஒரு கருவி வாங்கத்தான் காசு இருக்கும். ஓடர் போட முதல் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

எரிவாயுவை அளக்கும் சென்சருக்குள் பிளாற்றினக் கம்பி சுற்றிய சின்ன மணிகள் இரண்டு இருக்கும். ஒன்றின் மேல் மெதேன் எரியும். அந்தச் சூட்டில் கம்பியின் தடை கூடும். மற்ற மணியோடு வரும் வித்தியாசம்தான் திரையில் எண்ணாகத் தெரிகிறது. எரிய ஒட்சிசன் வேண்டும். நன்றாகப் புளிக்கும் மேட்டில் குழாய்க்குள் மெதேன் 50 முதல் 60 வீதம், மிச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, ஒட்சிசன் இல்லையென்றே சொல்லலாம். அதனால் எண் விறுவிறென்று ஏறி உச்சத்தைத் தொட்டு, பிறகு கீழே விழுந்து 0 இலும் நிற்கக்கூடும். அதைப் பார்த்துப் பதிவேட்டில் "வாயு இல்லை" என்று எழுதினால் விளைவு பாரதூரம். நல்ல கருவி உச்சத்தைத் தொட்டவுடன் அளவு மீறியதாகக் காட்டிப் பூட்டிக்கொள்ளும், மலிவானவற்றில் அது இல்லாமல் போகலாம். முகவரிடம் முதலில் செய்துகாட்டச் சொல்ல வேண்டியது இதைத்தான். ஒட்சிசன் 10 வீதத்துக்குக் கீழே போனால் எரிவாயு எண்ணை நம்பவே வேண்டாம். குழாயை அளக்க அகச்சிவப்புச் சென்சர் உள்ள கருவி வேண்டும். விலை பல மடங்கு என்பதால் இரண்டு மூன்று சபைகள் சேர்ந்து ஒன்று வாங்குவது புத்தி.

மேற்பரப்பிலும் இதற்கு எல்லை உண்டு. திரையில் 100 என்றால் காற்றில் மெதேன் 5 வீதம், அதாவது வெடிக்கத் தொடங்கும் அளவு. (சில கருவிகள் 4.4 வீதத்தையே 100 ஆக எடுக்கும், கையேட்டைப் பாருங்கள்.) அப்படியானால் 1 என்பது 500 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 500 பங்கு. மேட்டின் மேற்பரப்பில் மெதேன் மீறக்கூடாது என்று அமெரிக்க விதி வைத்திருக்கும் அளவும் இந்த 500 தான். கருவியின் ஆகச் சின்ன எண்ணே எல்லையாக இருக்கும்போது, 0 காட்டினால் கசிவில்லை என்று எப்படிச் சொல்வது?

அங்கே கண்தான் முதல் கருவி. மாரி மழை விட்ட மறுநாள் தேங்கிய தண்ணீரில் ஒரே இடத்திலிருந்து விடாமல் வரும் குமிழி. சுற்றிவரப் பச்சையாக நிற்க நடுவில் வட்டமாகக் கருகின அறுகு. கோடையில் விரல் நுழையும் வெடிப்பு. அந்த இடங்களில் கருவியின் உறிஞ்சு குழாய் நுனியை நிலத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்து மெல்ல நடக்கலாம். வெடிப்புக்கு மேலே கிரவலைக் கொட்டி மறைத்தால் அடுத்த கோடைக்கு அதே இடம் பிளக்கும். வெடிப்பை வெட்டித் திறந்து, ஈரக் களியை 15 சென்ரிமீற்றர் படைகளாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். களி எந்தக் காணியிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். மிதிவெடி அகற்றி விடுவிக்காத நிலத்தில் பெக்கோ இறக்கக் கூடாது.

அளக்கும் நேரத்தைப் பலர் கவனிப்பதில்லை. நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை 10 மணியளவில் உச்சத்தில் நிற்கும், பின்னேரம் 4 மணியளவில் இறங்கும். அழுத்தம் இறங்க இறங்க மேடு வாயுவைக் கூடுதலாக வெளியே விடும். காலையில் அளந்துவிட்டுப் போனால் மேட்டின் நல்ல முகத்தை மட்டும் பார்த்ததாகும். பின்னேரம் 3 முதல் 4.30 வரை அளப்பது சரி. பூச்சியம் வைப்பதை மேட்டின் மேல் நின்று செய்ய வேண்டாம், கருவி அழுக்குக் காற்றையே சுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். கச்சான் வீசினால் மேட்டுக்குத் தென்மேற்கே, வாடை வீசினால் வடகிழக்கே, தள்ளிப் போய் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

இந்தக் கருவியில் ஆட்கள் கணக்கெடுக்காத பகுதி காபனோரொட்சைட்டு. நெருப்பு வைத்துப் பழகிய மேடு மூடின பிறகும் உள்ளே கனன்று கொண்டிருக்கலாம். குழாயில் இந்த எண் ஏறி, மண் சுட்டு, ஓரிடம் திடீரென்று தாழ்ந்தால் உள்ளே நெருப்பு இருக்கலாம் என்று யோசியுங்கள். ஐதரசன் இருந்தாலும் இந்த எண் ஏறும் என்பதால் குழாய்க்குள் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றாமல், மண்ணைப் போட்டு இறுக்கிக் காற்றை அடைப்பதே வழி. தாழ்ந்த இடத்துக்கு மேல் ஆளோ உழவு இயந்திரமோ போகக் கூடாது.

பழுதாவது பெரும்பாலும் இரண்டு வழியில். மாரியில் மேட்டில் நட்ட குழாயின் அடியில் கழிவுநீர் நிற்கும். கருவியின் பம்ப் அதை உறிஞ்சினால் தண்ணீர் தடுக்கும் வடி நனைந்து அடைபடும். முதலில் நாடாவில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, உறிஞ்சு குழாய் நுனியை அதற்கு மேலேயே நிறுத்துங்கள், மேலதிக வடி ஐந்தாறு பையில் கிடக்கட்டும். மற்றது சிலிக்கோன். டயர் மினுக்கும் ஸ்ப்ரே ஒருமுறை பட்டாலே எரிவாயுச் சென்சர் மந்தமாகிவிடும். வெளியே பார்த்தால் கருவி நன்றாகவே இருக்கும், 0 காட்டும், அலாரம் மட்டும் அடிக்காது.

அதனால்தான் ஒவ்வொரு நாளும் பாவிக்க முதல் சோதனை வாயு காட்டிப் பார்க்க வேண்டும். உருளையின் விலையைக் கருவியின் விலையோடு சேர்த்தே கேளுங்கள். ஐதரசன் சல்பைட்டு கலந்த உருளைக்குக் காலாவதித் திகதி உண்டு. சாமான் கைக்கு வந்தவுடன் பெட்டியைத் திறக்க முதல் அந்தத் திகதியைப் பாருங்கள்.