செக்கு எண்ணெயா, ரிஃபைண்டா? லேபிளை விடுங்கள், விலையைக் கணக்குப் போடுங்கள்

கடலை எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். எந்த விதை எண்ணெயிலும் அது சொல்லிக்கொள்ளும்படி இருப்பதில்லை. ‘லைட்’ என்பதும் அதே ரகம்: செக்கோ ரிஃபைண்டோ, கிராமுக்கு 9 கலோரி.

தாளிக்க, சட்னிக்கு, பொடிக்கு என் ஓட்டு செக்கு எண்ணெய்க்குத்தான். மணம் ஒன்றே போதும். ஆனால் பாட்டிலில் இருக்கும் மரச்செக்குப் படத்தை நம்பி வாங்கக்கூடாது.

ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் 325 ரூபாய். மிஞ்சும் ஒன்றரை கிலோ புண்ணாக்கை கிலோ 40க்குத் தள்ளினால் 60 ரூபாய் திரும்பும். ஆக அடக்கம் 265. ஆட்டுக்கூலி, பாட்டில், கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்கு மேல்தான். உங்கள் ஊர் பருப்பு விலையைப் போட்டுப் பாருங்கள். இந்த அடக்கத்துக்கும் கீழே ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ கிடைத்தால் இரண்டில் ஒன்று: வேறு எண்ணெய் கலந்திருக்கும், இல்லை சொத்தைக் கடலை ஆட்டியிருப்பார்கள். விலை கூடுதலாக இருப்பதாலேயே நல்ல எண்ணெய் என்றும் ஆகிவிடாது.

எனக்குச் சொத்தைதான் பெரிய கவலை. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டு; செக்கில் ஆட்டினால் அதில் ஒரு பங்கு எண்ணெயோடு வந்துவிடும். ரிஃபைனிங்கில் காரக் கரைசல் (alkali) சேர்த்துக் கழுவி, வெளுக்கும் மண்ணில் வடிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். ரிஃபைண்டின் நிஜமான பலம் இதுதான். பாக்கெட்டின் முன்பக்கத்தில் மட்டும் இதை யாரும் போடுவதில்லை! அதனால் முடிந்தால் பருப்பை நீங்களே வாங்கி, கறுத்தது, சுருங்கியது, கசப்பது எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, செக்கில் நின்று ஆட்டி வாருங்கள். இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் மண்டி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்து உறைந்தால் கலப்படம் என்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். நல்ல கடலை எண்ணெயே குளிரில் கலங்கிக் கெட்டியாகும்.

ரிஃபைண்ட் வாங்கினால் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். முன்னால் கடலைப் படம், பின்னால் ‘கலப்பு சமையல் எண்ணெய்’ என்றால் அது முழுக் கடலை எண்ணெய் அல்ல.

வடை, அப்பளம் என்று வாணலி நிறைய காயவைக்க ரிஃபைண்ட்தான் வசதி. செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், மண்டி மிச்சமிருந்தால் நுரைத்தும் பொங்கும்.