மலாவிக் குழந்தைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்புவது: பத்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவம்

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. 1994-ல் பகிலி முலுசி அதிபராக வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள். ஒரே ஆசிரியர் முன்னால் நூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்திருப்பது அங்கே சாதாரணம். ஆனால் வகுப்பு ஏற ஏற அந்தக் கூட்டம் கரைந்துவிடுகிறது. வெறும் வயிறு, நடக்க வேண்டிய தூரம், சீருடை, நோட்டு, வயல்வேலை, பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணம் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டு போகிறது.

அந்த நாட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பத் தொடங்கி எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் இருப்பது இங்கிலாந்தில். முதலில் ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வழியாக ஒரு குழந்தையை ஸ்பான்சர் செய்தேன். அப்புறம் பள்ளிச் சாப்பாட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். கடைசியாக, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண்களுக்கான உதவியும் சேர்ந்தது. எது நல்லது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று விவரமாக எழுதுகிறேன்.

குழந்தை ஸ்பான்சர்ஷிப்பில் சேர்ந்த சில வாரங்களில் ஒரு உறை வந்தது. தெற்கு மலாவியில் ஒரு கிராமம், ஏழு வயதுப் பெண்குழந்தை, ஒரு போட்டோ. அதன்பின் வருடத்துக்கு ஒரு முறை புதுப் போட்டோவும் முன்னேற்ற அறிக்கையும் வரும். நடுவில் கடிதங்கள். அவள் சிச்சேவா மொழியில் எழுதுவாள். அங்கிருக்கும் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்புவார்கள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வர மூன்று நான்கு மாதம் ஆகும். முதல் சில வருடங்கள் "நான் நலம், நீங்கள் நலமா" என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. எழுத்து கூட்ட வந்த பிறகுதான் அவள் பேச்சு தெரிய ஆரம்பித்தது. வீட்டில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்டிருக்கிறார்கள், தம்பிக்குக் காய்ச்சல், பள்ளியில் நெட்பால் (கூடைப்பந்து மாதிரி ஒரு விளையாட்டு) அணியில் இருக்கிறேன் என்று எழுதுவாள். மலாவிப் பெண்களுக்கு நெட்பால் என்றால் உயிர் என்று அவள் கடிதங்களில்தான் தெரிந்துகொண்டேன். 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் மலாவி அணி ஆடியபோது, பெயர் தெரியாத அந்த வீராங்கனைகளுக்காக வீட்டில் உட்கார்ந்து கத்தினேன்.

நான் அனுப்பும் பணம் அவள் கையில் போய்ச் சேர்வதில்லை என்பது சேரும்போதே தெரியும். பெரும்பாலான நிறுவனங்களில் அப்படித்தான். ஒரு பகுதியில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்குமான பணம் ஒன்றாகச் சேர்ந்து கிணறு, வகுப்பறை, தடுப்பூசி, விதை என்று செலவாகும். எனக்கு அதில் குறை இல்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் புதுச் செருப்பு வருவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் விளம்பரத்தில் ஒற்றை முகத்தைக் காட்டி, உள்ளே சிறிய எழுத்தில் இதைச் சொல்வது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. கொடுப்பவரிடம் நேராகச் சொன்னால் என்ன?

இந்த முறையால் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. புரூஸ் வைடிக், பால் கிளூ, லேன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் திட்டத்தை இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், பொலிவியா, குவாத்தமாலா ஆகிய 6 நாடுகளில் பார்த்தார்கள். ஸ்பான்சர் கிடைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை அதிகமாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களும் அவர்களில் கூடுதல். அது மலாவியில் நடந்த ஆய்வு இல்லை, ஒரே ஓர் அமைப்பைப் பற்றியது, என்றாலும் இது வெறும் மனத்திருப்திக்கான ஏற்பாடு இல்லை என்று காட்டியது. அதே அமைப்பு, வெளிநாட்டு நிதி அனுமதிப் பிரச்சினையால் 2017-ல் இந்தியாவை விட்டே வெளியேற வேண்டி வந்தது. கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் தொடர்பு அறுந்தது.

எனக்கும் அறுந்தது, வேறு காரணத்தால். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் தெற்கு மலாவியைப் புரட்டிப்போட்டது. மலைச்சரிவுகள் சேறாக இறங்கி ஊர்களை மூடின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேல். பள்ளிக்கூடங்கள் முகாம்களாகிவிட்டன. பல வாரம் கழித்து நிறுவனத்திடமிருந்து குடும்பம் உயிரோடு இருக்கிறது, வீடு போய்விட்டது என்று நாலு வரி வந்தது. அப்புறம் ஒரு கடிதம்: "குடும்பம் திட்டப் பகுதியை விட்டு இடம்பெயர்ந்துவிட்டது." அதே உறையில் வேறொரு குழந்தையின் போட்டோவும், அவளை ஸ்பான்சர் செய்யும்படி வேண்டுகோளும். கடைசியாக ஒரு கடிதம் அனுப்பலாமா என்று போன் செய்து கேட்டேன். விதி அனுமதிக்காது என்றார்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்காக அப்படி ஒரு விதி இருப்பது நியாயம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டாம் வகுப்பை நெருங்கிவிட்ட ஒரு பெண், வீட்டை இழந்து, பள்ளியை விட்டுப் போன நேரத்தில்தான் உதவி அதிகம் வேண்டும். திட்டம் ஊர் எல்லையோடு கட்டப்பட்டிருப்பதால் சரியாக அந்த நேரத்தில் அது கைவிட்டுவிடுகிறது. இதைத்தான் இந்த முறையின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன்.

பள்ளிச் சாப்பாட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பல வருடம் முன்பே. மேரிஸ் மீல்ஸ் என்பது ஸ்காட்லாந்து அமைப்பு. அதைத் தொடங்கிய மேக்னஸ் மேக்ஃபார்லேன்-பாரோ, 1992-ல் போஸ்னியப் போரின்போது நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போனவர். 2002-ல் மலாவியில் பஞ்சம். அங்கே சாகும் தறுவாயில் இருந்த ஒரு தாயைப் பார்க்கிறார். ஆறு பிள்ளைகள். மூத்தவனுக்கு 14 வயது. உனக்கு என்ன ஆசை என்று கேட்டதற்கு, வயிறாரச் சாப்பிட வேண்டும், ஒரு நாளாவது பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றான். இரண்டையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடலாம் என்று அந்த வருடமே 200 குழந்தைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். இப்போது பல நாடுகளில் சேர்த்து 20 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள், அதில் மலாவியில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல்.

கொடுப்பது லிகுனி பாலா என்ற கஞ்சி. மக்காச்சோள மாவு, சோயா, சர்க்கரை, சேர்த்த விட்டமின்கள். மாவு மலாவியிலேயே தயாராகிறது. பள்ளி வளாகத்தில் சமையலறை கட்டுகிறார்கள். விடிவதற்கு முன்பே தாய்மார்கள் வந்து பெரிய பானைகளில் காய்ச்சுகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு குவளையோடு வரிசையில் நிற்பார்கள். பள்ளிக்கு வந்தால்தான் கஞ்சி என்பதால் வருகை கூடுகிறது. தென்காசிப் பக்கம் ஓர் ஊர்ப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு இல்லையென்றால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பீடி சுற்றப் போயிருப்பார்கள்.

2024-ல் செலவு ஒரு குழந்தைக்கு ஒரு பள்ளி ஆண்டுக்கு 19.15 பவுண்டாக இருந்தது. ஒரு வேளைக்கு ஏறக்குறைய 10 பென்ஸ். நான் சில வருடம் கொடுத்த பிறகும் இது 15.90 பவுண்டாகத்தான் இருந்தது. பிறகு ஏறியது. மலாவியில் நிலைமையும் சுலபமாக இல்லை. 2023 நவம்பரில் மலாவி தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தபோது ஒரு டாலருக்கு 1,180 என்று இருந்தது 1,700 ஆகிவிட்டது. அடுத்த வருடம் எல் நினோ வறட்சி. 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதியாக அறிவித்தார்கள். கதிர் பிடிக்க வேண்டிய நேரத்தில் சோளம் காய்ந்து நின்றது.

அனுபவம் என்று பார்த்தால் இதில் கடிதம் இல்லை, போட்டோ இல்லை, "உங்கள் குழந்தை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மின்னஞ்சலில் செய்தி வரும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஏதோ மின்கட்டணம் கட்டுவது மாதிரி இருந்தது. ஆனால் 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது என் எண்ணம் மாறியது. பள்ளி இல்லை, எனவே சாப்பாடு இல்லை என்று நிறுத்தாமல், மாவை வீட்டுக்கு எடுத்துப்போகும்படி குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பிள்ளை ஊர் மாறிப் போனாலும் பிரச்சினை இல்லை, அவள் விட்டுப்போன பள்ளியில் மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். போய்ச் சேரும் பள்ளியிலும் கஞ்சி இருக்க வாய்ப்பு உண்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. விடுமுறையில் கஞ்சி கிடையாது. சமைக்கும் பெண்களுக்குச் சம்பளம் இல்லை. ஊர் தன் பங்கைப் போடுகிறது என்று சொல்வதில் உண்மை உண்டு, ஆனாலும் அந்தப் பங்கு முழுக்கத் தாய்மார்கள் தலையில் விழுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எங்கள் ஊர்ச் சத்துணவு ஆயாக்கள் சம்பளத்துக்காக எத்தனை முறை தெருவில் இறங்கிப் போராடினார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்னொன்று, கஞ்சி பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது, ஆசிரியர்களைக் கொண்டுவருவதில்லை. நூற்றுப் பத்துப் பேர் இருந்த வகுப்பில் நூற்று ஐம்பது பேர் உட்கார்ந்தால் எழுத்துக்கூட்டச் சொல்லித்தருவது யார்? அது மலாவி அரசு செய்ய வேண்டிய வேலை, ஸ்பான்சர் பணத்தால் ஈடுகட்ட முடியாது.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு கதை வேறு. தேர்வில் தேறினாலும் எல்லோருக்கும் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைப்பதில்லை. பள்ளி தூரத்தில் இருக்கும், விடுதி அல்லது வாடகை அறை வேண்டும். பெண்கள் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். 2017-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தித் திருமண வயதை 18 ஆக்கினார்கள். அதற்கு முன்பே டெட்சா மாவட்டத்தின் பாரம்பரியத் தலைவி தெரசா கச்சிண்டமோட்டோ நூற்றுக்கணக்கான சிறுவர் திருமணங்களை ரத்துசெய்து பெண்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார். அனுப்பலாம், ஆனால் அங்கே இருக்கச் செலவாகுமே.

அதற்காகத்தான் கேம்ஃபெட் அமைப்புக்குக் கொடுக்கிறேன். 1993-ல் ஜிம்பாப்வேயில் தொடங்கியது, மலாவியிலும் வேலை செய்கிறது. கட்டணம், சீருடை, சானிட்டரி நாப்கின், சில இடங்களில் சைக்கிள் வரை பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம், இப்படிப் படித்து முடித்த பெண்களே சங்கமாகச் சேர்ந்து அடுத்த பெண்களுக்கு வழிகாட்டுவது. ஒரு பெண் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால் வீடு தேடிப் போக உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது. லண்டனிலிருந்து போகும் எந்தக் கடிதத்தாலும் அதைச் செய்ய முடியாது.

இன்றைக்கு ஒருவர் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் முதலில் பள்ளிச் சாப்பாடு, அடுத்து உயர்நிலைப் பெண்கள் என்றுதான் சொல்வேன். தனிக் குழந்தை ஸ்பான்சர்ஷிப், பத்து வருடம் கடிதம் எழுதும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். பாதியில் விட்டுவிடுவீர்கள் என்று தோன்றினால் வேண்டாம். அங்கே பதிலுக்குக் காத்திருப்பது ஒரு பிள்ளை. சேர்வதற்கு முன் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பணம் குழந்தைக்கா, ஊருக்கா? குடும்பம் இடம் மாறினால் அந்தக் குழந்தைக்கு என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர்கள் நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்ட் பெட்டியில் டிக் போட மறக்க வேண்டாம். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். நான்கு குழந்தைகளுக்குக் கட்டினால் ஐந்தாவது குழந்தைக்கும் சேர்த்து வருகிறது. மொத்தமாகக் கொடுப்பதைவிட மாதச் சந்தா நல்லது. மலாவியில் அறுவடை ஏப்ரல் வாக்கில். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வீட்டுக் குதிர் காலியாகி, சந்தையில் சோள விலை ஏறிக் கிடக்கும். அந்த மாதங்களிலும் பானை அடுப்பில் ஏற வேண்டுமானால், எவ்வளவு பணம் வரும் என்று நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஐந்து பவுண்டானாலும் மாதாமாதம் தவறாமல் வருகிற ஐந்து பவுண்டை நம்பித்தான் அவர்கள் மாவு வாங்க முடியும்.