ஜேஎன்யூவா, அம்பேத்கர் பல்கலையா? மதராஸி கேம்ப் கிளப்பிய கேள்வி

2025 ஜூன் 1 அன்று டெல்லி ஜங்புராவின் மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். டெல்லியின் புறநகரான நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியானவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை 189 குடும்பங்கள்தான்.

அங்கே போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண், செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பாட்டி ஒருவரின் மடியில் பிளாஸ்டிக் கவர். உள்ளே ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பழைய கரண்ட் பில். "அக்கா, தகுதின்னா என்ன? அதை யார் முடிவு பண்றாங்க? இதைப் படிக்க எங்க சேரணும்?"

அரசியல் கோட்பாடு, சமூகவியல், சட்டம், நகர வரலாறு எல்லாமே இந்தக் கேள்விக்குள் இருக்கின்றன.

ஜேஎன்யூ எனப்படும் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலையின் அரசியல் ஆய்வு மையத்தில் நீதி, உரிமை, குடியுரிமை போன்ற கருத்துகளை அடியிலிருந்து படிக்கலாம். சமூகவியல், வரலாறு, தத்துவ மையங்களும் அதே சமூக அறிவியல் புலத்தில் இருப்பதால், விருப்பப் பாடங்களுக்கு அங்கேயும் போய் உட்காரலாம். ஆனால் சான்றிதழில் 'அரசியல் அறிவியல்' என்றே இருக்கும். அதை நான் பெரிய பலமாகப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பட்டத்தின் பெயர் மாறினால், கேட்ட பட்டத்துக்கு இது இணையானதா என்ற சிக்கல் வரும்; துறைகளைக் கடந்து படித்த நல்ல பிள்ளைகள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டணமும் மிகக் குறைவு. நுழைவுக்கு க்யூட் பிஜி என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

2008இல் செயல்படத் தொடங்கிய டெல்லி அம்பேத்கர் பல்கலையின் பாலின ஆய்வுகள், வளர்ச்சி ஆய்வுகள் போன்ற முதுகலைப் படிப்புகள் எந்த ஒரு துறைக்குள்ளும் அடங்காதவை. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இது பொருத்தம். 85% இடங்கள் டெல்லி மாணவர்களுக்கே என்பதால், டெல்லியிலேயே பட்டம் முடித்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சாதகம். சென்னையிலிருந்து வருபவருக்குக் கடினம். கட்டணம் ஜேஎன்யூவைவிட அதிகம். இதன் வளாகம் இருக்கும் காஷ்மீரி கேட்டிலிருந்து ஒரே மெட்ரோ நிறுத்தம் சிவில் லைன்ஸ். 1963இல் அரசியல் அறிஞர் ரஜனி கோத்தாரி தொடங்கிய சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு நிறுவனம் அந்தப் பக்கம்தான். அங்கே எம்ஏ கிடையாது, ஆனாலும் கருத்தரங்குகளுக்குப் போய்வரலாம்.

டெல்லி பல்கலையின் அரசியல் அறிவியல் துறை வலுவானது. ஆனால் துறை தாண்டிப் போக நினைப்பவருக்கு அதை நான் முதலில் சொல்லமாட்டேன்.

முன்பு எம்ஏவுக்கும் பிஎச்டிக்கும் நடுவே இருந்த எம்ஃபிலில் ஆற அமர யோசித்து ஆய்வுக் கேள்வியைச் செதுக்கலாம். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) அதை நிறுத்திவிட்டதால், அந்த வேலையும் எம்ஏவின் இரண்டு வருடத்துக்குள் வந்துவிட்டது. அதனால்தான் ஜேஎன்யூ பக்கம் சாய்கிறேன். அவளுக்குக் களம் ஏற்கெனவே தெரியும், அங்கே போய் உட்கார்ந்து பேசத் தெரியும். கருத்துகளின் வரலாறுதான் இன்னும் தெரியாது.

இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். அந்தப் பாட்டியின் கதையை இப்போதே முழுசாக எழுதி வைக்கவும் சொன்னேன்.