சோலார் இன்வெர்ட்டருக்கு "மீட்டர் சிக்னல் ஃபில்டர்" வாங்கப் போறீங்களா? நில்லுங்க

18,000 ரூபாய் போச்சு. கொதிப்பு அடங்கறதுக்குள்ள எழுதிடறேன்.

மின்கம்பி வழியாவே தகவல் அனுப்பற ஜி3-பிஎல்சி ஸ்மார்ட் மீட்டர்கள் பலதும் வேலை செய்யறது 36-லிருந்து 91 கிலோஹெர்ட்ஸுக்குள்ள. இன்வெர்ட்டர் 20 கிலோஹெர்ட்ஸ்ல சுவிட்ச் ஆச்சுன்னா 40, 60, 80-ன்னு அதோட மடங்குகள்ல வர்ற இரைச்சல் நேரா அங்கதான் வந்து விழும். வெயில் ஏறினா மீட்டர் ஊமை. இதுக்குத் தீர்வுன்னு ஒரு ஆன்லைன் கடை விக்கிற பெட்டியைத்தான் சொல்றேன்.

நம்ப வெச்சது அவங்க அனுப்பின கிராஃப். "60 டெசிபல் குறைக்கும்"னு கோடு சரசரன்னு இறங்குது. அந்தக் கிராஃப் தொடங்கறதே 150 கிலோஹெர்ட்ஸ்லதான்! ரேடியோ இரைச்சலுக்குப் போடற சாதாரண ஃபில்டரோடது. மீட்டர் பேசற பகுதி அதுல கிடையவே கிடையாது.

உள்ள இருந்தது: ஒரே காந்த வளையத்துல ரெண்டு சுருள் சுத்தின சோக் (இரைச்சலைத் தடுக்கற கம்பிச்சுருள்), ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்க 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஃபேஸ்ல போய் நியூட்ரல்ல திரும்பற கரண்ட்டுக்கு அந்த ரெண்டு சுருளோட காந்தப்புலமும் ஒன்னை ஒன்னு அடிச்சிடும். சோக் இருந்தும் இல்லாத கணக்குதான். கெபாசிட்டர் அதைவிட மோசம். 60 கிலோஹெர்ட்ஸ்ல அதோட தடை வெறும் 0.27 ஓம், கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி. இரைச்சலோட சேர்த்து மீட்டர் சிக்னலையும் முழுங்கிடுது. பகல்ல மட்டும் வராத சிக்னல் இப்ப ராத்திரியும் வரல. போதாக்குறைக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்ல 0.7 ஆம்பியர் ரியாக்டிவ் கரண்ட் (வேலை எதுவும் செய்யாம போய் வர்ற கரண்ட்) சும்மா ஓடுது. இதுக்கு 18,000!

கேட்டா, முதல்ல "உங்க எர்த் சரியில்ல". அப்புறம் "மீட்டர் போட்டவங்களைக் கேளுங்க". கிராஃப் ஏன் 150-ல தொடங்குதுன்னு கேட்டதுக்கு "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கோம்". கடைசியில, பெட்டியைத் திறந்ததால வாரண்டி இல்லையாம், 18,000-மும் வராதாம்.

வாங்கறவங்க 36–91 கிலோஹெர்ட்ஸுக்கு, அதுவும் டிஃபரன்ஷியல் மோட் (ஃபேஸ்ல போய் நியூட்ரல்ல திரும்பற இரைச்சலுக்கான) கிராஃப் கேளுங்க. தரலன்னா விட்டுடுங்க. மீட்டர் பக்க முனையில கெபாசிட்டர் கூடாது, ஃபேஸ்ல தொடரா சோக் வேணும். 100 மைக்ரோஹென்றி சோக்கே 60 கிலோஹெர்ட்ஸ்ல 38 ஓம் தடை தரும். 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 22 ஆம்பியர், உச்சத்துல 31. அந்தக் கரண்ட்டுல சோக்கோட கோர் சாச்சுரேட் ஆகக் கூடாது (காந்தம் நிரம்பிப் போனா சோக் வேலை செய்யாது). முதல்ல இன்வெர்ட்டரோட ஏசி ஐசொலேட்டரை (வீட்டு மின்கம்பியிலிருந்து இன்வெர்ட்டரைப் பிரிக்கற சுவிட்ச்) அணைச்சுப் பாருங்க. அப்பவும் சிக்னல் வரலன்னா பிரச்சினை வேற எங்கேயோ, சார்ஜர், எல்இடி டிரைவர்னு தேடணும். பணத்தைக் கார்டுல கட்டுங்க, ரிட்டர்ன் நிபந்தனையை எழுத்துல வாங்கிட்டு.