கரண்ட் எகிறியபின் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை: மாற்றிப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா?

கோடை இடி இறங்கிய மறுநாள் ஏற்காட்டிலும், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) விட்டுப்போய் வீட்டு லைட்டெல்லாம் பளீரென்று எரிந்து அணைந்த பிறகு சேலத்தில் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கத் தறித் தெருக்களிலும் எழுகிற கேள்வி ஒன்றுதான். கம்ப்யூட்டர் உயிரில்லாமல் கிடக்கிறது. போனது எஸ்எம்பிஎஸ்ஸா (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), மதர்போர்டா (பாகங்களெல்லாம் மாட்டியிருக்கும் பலகை)? கண்டுபிடிக்க நாலு வழி புழக்கத்தில் இருக்கிறது: எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை ஒயரைக் கருப்போடு சேர்ப்பது, எஸ்எம்பிஎஸ் டெஸ்டர், வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்ப்பது, மல்டிமீட்டர். நான் மீட்டர் பக்கம்.

எந்த வழியில் போனாலும் முதலில் சுவர் பிளக்கில் டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டரை விட்டு நேராகச் சுவரில் கொடுங்கள். எகிறிய கரண்டை வாங்கிக்கொண்டு அதன் ஃப்யூஸ் மட்டும் போயிருக்கலாம். பவர் கார்டை மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொண்ட எஸ்எம்பிஎஸ் இதில் சில சமயம் எழுந்துவிடும். இவ்வளவும் செய்து அசையவில்லை என்றால்தான் மேற்கொண்டு பேச்சு.

வந்தது எந்த மாதிரி அடி என்று தெரிந்துகொள்வது பாதி வேலை. நியூட்ரல் விட்டால் ஒற்றை ஃபேஸ் வீட்டுக்குள் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வரை ஏறலாம், அதுவும் நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில். எஸ்எம்பிஎஸ் வாசலில் எகிறும் வோல்டேஜைத் தடுக்க இருக்கும் வேரிஸ்டர் என்ற பாகம் சூடேறி ஷார்ட் ஆகி ஃப்யூஸைக் கொன்றுவிடும். பெட்டி செத்தாலும் பின்னால் இருக்கும் போர்டு பல நேரம் பிழைத்துவிடும். இடி அப்படியில்லை. அது மைக்ரோ நொடிகளில் வரும். லேன் வயர், கேபிள் டிவி வயர், பழைய டெலிபோன் வயர் என்று எதன் வழியாகவும் நுழையும். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டரும் அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் வயரும் செம்புதான். அப்போது எஸ்எம்பிஎஸ் நன்றாகவே இருக்கும், போர்டில் லேன் சிப் (நெட்வொர்க் வயரைக் கவனிக்கும் சிப்) வெந்திருக்கும்.

பச்சை ஒயரைக் கருப்போடு கிளிப்பால் சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்பார்கள். ஃபேன் சுற்றுவது 12 வோல்ட் ஓரளவு வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. லோடு இல்லாமல் கிடைக்கும் சாட்சியம் அது.

டெஸ்டர் இதைவிட மேல். எல்லா வோல்டேஜும் திரையில் வரும், கடைக்காரருக்கு நேரம் மிச்சம். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி அதில் சொருகும்போதே போர்டு கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. தனியாக நல்லதாகத் தெரியும் எஸ்எம்பிஎஸ் இந்தப் போர்டோடு சேரும்போது ஏன் படுக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்ப்பதுதான் ஊரில் அதிகம் நடப்பது. ஓடினால் கேஸ் முடிந்தது, படிப்பே தேவையில்லை. குறை இரண்டு. கையில் நல்லது ஒன்று வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர் அதற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்து வாங்கிப் போய், போர்டுதான் போனது என்று தெரிந்தால் மறுபடி இறங்க வேண்டும். இரண்டாவது, ஓடவில்லை என்றால் இந்த வழி அதோடு நின்றுவிடும். போர்டில் எங்கே என்று சொல்லாது.

எனக்குத் தீர்மானமாக இருப்பது இந்த இடம்தான். போர்டு மாட்டியிருக்கும்போதே, கரண்ட் ஓடும்போதே அளக்க முடிவது மீட்டரில் மட்டும்தான். சில நூறு ரூபாய் மீட்டரே போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்துக் கருப்பு முனையைக் கேஸின் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடியுங்கள். சிவப்பு முனையை, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரின் முதுகுப்பக்கம், ஒயர் நுழையும் ஓட்டை வழியாக விடுங்கள்.

முதலில் ஊதா ஒயர், அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கரண்ட் தரும் ஸ்டேண்ட்பை ஒயர். பிளக் போட்டிருந்தாலே, ஆன் செய்யாமலே, 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி 24 பின்னைக் கழற்றி, மறுபடி கரண்ட் கொடுத்து, கனெக்டரில் அளந்து பாருங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. 5 வோல்ட் திரும்பி வந்தால் போர்டு அதை இழுத்துக் கீழே தள்ளுகிறது என்று பொருள். இடிக்குப் பிறகு இதற்குப் பெரிய காரணம் லேன் சிப். கம்ப்யூட்டர் தூங்கும்போதும் அது இந்த ஸ்டேண்ட்பை கரண்டில்தான் விழித்திருக்கிறது. 24 பின்னை மீண்டும் மாட்டிச் சில நொடி கரண்ட் கொடுத்து, லேன் போர்ட்டுக்குப் பக்கத்துச் சிப்பை விரலால் லேசாகத் தொட்டால் சூடு சொல்லிவிடும். இந்தக் கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கினால் காசு தண்டம்.

ஊதா சரியாக இருந்தால் பச்சை, எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்யச் சொல்லும் ஒயர். நிற்கும்போது 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் 0.8க்குக் கீழே விழுந்து அங்கேயே நிற்க வேண்டும். விழவில்லையென்றால் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றி, போர்டில் அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். அதற்கும் விழாவிட்டால் கோளாறு போர்டில்.

பச்சை விழுந்தும் மஞ்சளில் 12 வரவில்லை, அல்லது ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுகிறது என்றால் எங்கோ ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க், சிபியுவுக்குப் போகும் 4 அல்லது 8 பின் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். 8 பின் இல்லாமல் ஃபேன் சுற்றி, மாட்டினால் நின்றால், சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் சிறு பாகம்) ஒன்று ஷார்ட். கரண்டே இல்லாத நிலையில் போர்டின் 8 பின் சாக்கெட்டில் மஞ்சள் பக்கத்துக்கும் கருப்புப் பக்கத்துக்கும் இடையே, பீப் நிலையில் வைத்த மீட்டர் விடாமல் பீப் அடித்தால் சந்தேகமே வேண்டாம். தொட்டவுடன் ஒரு பீப் அடித்து நின்றால் அது கெபாசிட்டர் சார்ஜ் ஆவது, பயமில்லை.

கடைசியாகச் சாம்பல் நிற ஒயர், எல்லா வோல்டேஜும் தயார் என்று போர்டுக்குச் சொல்வது. ஆன் ஆன அரை நொடிக்குள் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏற வேண்டும். மஞ்சளில் 11.4–12.6, சிவப்பில் 4.75–5.25, ஆரஞ்சில் 3.14–3.47 என எல்லாம் ஒழுங்காக இருந்தும் சாம்பல் மட்டும் ஏறாவிட்டால், போர்டு ரீசெட்டிலேயே காத்துக் கிடக்கும்: ஃபேன் ஓடும், திரை இருட்டு. ரேம், சிபியு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில்.

மீட்டருக்கும் எல்லை உண்டு. வோல்டேஜில் வரும் வேகமான நடுக்கம் அதில் தெரியாது. எண்கள் எல்லாம் சரி, ஆனால் கேம் ஓடும்போது மட்டும் அணைகிறது என்றால் மாற்றிப் பார்க்கும் வழிதான் கைகொடுக்கும். டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் பெட்டிகளில் பலவற்றுக்கு 24 பின்னே கிடையாது, ஒயர் நிறமும் இந்தக் கணக்குக்கு ஒத்து வராது. அங்கே நான் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அதே மாடல் எஸ்எம்பிஎஸ் வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோவதே மேல்.

எஸ்எம்பிஎஸ் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். மாற்றிப் பார்ப்பதாக இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப் போர்டில் போடுங்கள். அதன் ஷார்ட் பாதுகாப்பு பெரும்பாலும் காத்துக்கொள்ளும். அடிபட்ட எஸ்எம்பிஎஸ்ஸை நல்ல போர்டில் மாட்டினால் அந்தப் போர்டுக்குக் காவல் கிடையாது. புதுசு வாங்கினாலும் லைன்மேன் வந்து நியூட்ரலைச் சரிசெய்து, பிளக்கில் ஏசி 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிலையாக நிற்பதைப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.