பாரிஸில் ‘ஷாம்பெயின்’ என்று ஊற்றித் தந்தால் புட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

பாரிஸில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு மதுக்கூடத்தில் நடந்தது. பட்டியலில் ‘கூப் த ஷாம்பெயின், 12 செ.லி.’, அதாவது ஒரு கோப்பை ஷாம்பெயின், 120 மி.லி. என்றிருந்தது. உள்ளேயே ஊற்றி நிரப்பிய கோப்பைதான் மேசைக்கு வந்தது. புட்டியைக் கேட்டதற்கு, காலியாகிவிட்டது என்றார்கள். விடாமல் கேட்ட பிறகு கொண்டுவந்த புட்டியில் ‘வான் மூஸோ’ என்று எழுதியிருந்தது. பில்லில் மட்டும் ஷாம்பெயின்!

வான் மூஸோ என்றால் குமிழி விடும் ஒயின், அவ்வளவுதான். எந்த ஊர்த் திராட்சையிலும் செய்யலாம், பெரிய தொட்டியிலும் நொதிக்க வைக்கலாம். ஷாம்பெயின் என்ற பெயருக்கு ரேன்ஸ், எபெர்னே ஊர்களைச் சுற்றியுள்ள ஷாம்பெயின் வட்டாரத் திராட்சை வேண்டும். குமிழியைத் தரும் இரண்டாம் நொதிப்பு புட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். ஆண்டு குறிக்காத வகைகூடக் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். விலை அதற்குத்தான். பிரான்ஸின் மற்ற வட்டாரங்களில் செய்யும் ‘கிரெமான்’ என்ற குமிழி ஒயினும் புட்டியில் நொதித்த நல்ல ஒயின்தான். அதைக் கிரெமான் என்று சொல்லி விற்றால் யாருக்கும் புகார் இல்லை.

ஆகவே கோப்பையாக வாங்கினாலும் கண்ணெதிரே ஊற்றச் சொல்லுங்கள். புதுப் புட்டி திறந்தால் தக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கழுத்துக்குள் இருந்த பகுதியில் ‘ஷாம்பெயின்’ என்ற சொல் அச்சாகியிருக்க வேண்டும், அது சட்டம். ஷாம்பெயினில் பிளாக்கரன்ட் பழ மது கலந்த ‘கீர் ருவாயால்’ கேட்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பழ மதுவின் இனிப்பு அடியில் இருக்கும் ஒயினை மறைத்துவிடும். 750 மி.லி. புட்டியில் 12 செ.லி. வீதம் ஆறு கோப்பைதான் வரும். ஏழெட்டு ஊற்றினால் அளவில் அடிக்கிறார்கள்.

இன்னொரு ஏமாற்று சொல்லிலேயே இருக்கிறது. ‘இனிப்பே வேண்டாம்’ என்பவரிடம் ‘எக்ஸ்ட்ரா டிரை’யைத் தள்ளிவிடுவார்கள். பெயர் அப்படி ஒலித்தாலும் அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை உண்டு. ‘ப்ரூட்’ 12 கிராமுக்குக் குறைவு, ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’ 6 வரை. ‘ப்ரூட் நேச்சர்’ என்றால் 3 கிராமுக்குள், சர்க்கரை சேர்க்கவே கூடாது. ‘செக்’ என்பதற்கு நேர்ப்பொருள் உலர்ந்தது, ஆனால் அதில் 17 முதல் 32 கிராம். ‘டெமி-செக்’ 50 வரை போகும், பழ இனிப்போடு குடிக்க அது அருமை.

குமிழி இல்லையே என்று கேட்டால் ‘பழைய ஒயின் அப்படித்தான்’ என்பார்கள். பல்லாண்டு கிடந்த புட்டிக்கு அது பொருந்தலாம். கோப்பையாக விற்கும் சாதாரண ப்ரூட்டுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் முந்தைய நாள் திறந்து சரியாக மூடாமல் வைத்த புட்டியாக இருக்கும். ஆனால் கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குமிழிகள் பிறப்பது கண்ணாடியில் ஒட்டிய நுண்ணிய நார்களில். பளிச்சென்று கழுவிய கோப்பையிலோ, சோப்புப் படிந்த கோப்பையிலோ நல்ல ஒயினும் அடங்கிக் கிடக்கும். ஒரு வாய் குடியுங்கள்: நாக்கில் சுருக்கென்று குத்தினால் வாயு இருக்கிறது, கோப்பையை மாற்றினால் போதும். குத்தாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

மாற்ற மறுத்தால் பட்டியலையும் புட்டியின் லேபிளையும் படம் எடுத்து, பில்லோடு பிரெஞ்சு அரசின் ‘சின்யால் கோன்சோ’ தளத்தில் புகார் பதியலாம்.